எறியாமல் வைச்ச சாமான்கள்

வீட்டில சாமான் குறைக்கச் சொல்லுற காணொளிகளை நாங்களும் பார்க்கிறனாங்கள். வெள்ளைச் சுவர், ஒரு கட்டில், ஒரு பூச்சாடி, லாச்சிக்குள்ள நிமிர்த்தி அடுக்கின ரீசேட்டுகள். மரி கொண்டோவின் புத்தகம் ஜப்பானில் 2010 இன் கடைசியில் வந்தது. நெட்ஃப்ளிக்ஸ் தொடர் 2019 ஜனவரியில். அதற்கும் முதல், 2009 இல், யமஷித்தா ஹிதெகோ என்பவர் 'தன்ஷரி' என்ற சொல்லைப் புத்தகமாக்கிப் பரப்பியிருந்தார். வருவதை மறு, இருப்பதை எறி, பற்றை விடு என்று மூன்று எழுத்துக்குள் மூன்று கட்டளை. 2011 மார்ச் 11 நிலநடுக்கத்துக்கும் சுனாமிக்கும் பிறகு, சாமான் குறைந்த வீடுதான் பாதுகாப்பான வீடு என்ற எண்ணமும் அங்கே சிலரிடம் வலுத்தது. ஆடுகிற நிலத்தில் உயரமான அலுமாரி ஆளின் மேலே விழும்.

இதையெல்லாம் பார்த்துப்போட்டு எங்கட வீட்டு அலுமாரிக்கு மேலே பார்த்தால் தலை சுத்தும். கயிறு கட்டின சூட்கேஸ், கழுவிக் கவிழ்த்த ஹோர்லிக்ஸ் போத்தல்கள், மடிச்ச உரப்பைகள், ஷொப்பிங் பைக்குள்ள இன்னும் பத்து ஷொப்பிங் பை, ஓடாத மணிக்கூடு, வெள்ளைக்காரன் காலத்து அரிக்கன் லாம்பு. ஏன் அம்மம்மா இதெல்லாம் என்று கேட்டால் ஒரே பதில்தான்: "கிடக்கட்டும், உதவும்."

ஜப்பானில் ஒரு பேரழிவுக்குப் பிறகு ஒரு பகுதியினர் சாமானைக் குறைக்க யோசித்தார்கள். இங்கே அழிவுக்கு மேல அழிவு வந்தும் எங்கட ஆக்கள் ஒரு மூடியைக்கூட எறிய விடுகினமில்லை. இதைப் பழக்க தோஷம், வயசுக் கோளாறு என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அந்தக் 'கிடக்கட்டும்' எப்பவும் இருந்த ஒன்று இல்லை. அது தொடங்கின காலத்தை ஓரளவுக்குக் குறித்துக் காட்டலாம் என்றுதான் நினைக்கிறோம். இதில் சொல்வது பெரும்பாலும் யாழ்ப்பாணத்து, வன்னி வீடுகளைப் பற்றி. மலையகத்து லயத்தில் 10 அடிக்கு 12 அடி காம்பிராவுக்குள்ள ஒரு குடும்பத்தையே இருத்தின கதைக்குத் தனிக் கட்டுரை வேணும்.

முந்தின வீட்டில் சாமான் குறைவு. இண்டைக்கு ஹோட்டல் விளம்பரங்களில் அழகாக வருகிற நாற்சார் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கோ. நடுவில முற்றம், சுற்றிவரத் திண்ணையும் அறைகளும். அறைகள் இருட்டு. அவை முக்கியமாகப் பொருள் வைக்கிற இடம். இருக்கிறதும் கதைக்கிறதும் படுக்கிறதும் திண்ணையிலதான். ஒரு மரப் பெட்டகம், சுருட்டிச் சாத்தின பாய்கள், கொடியில உடுப்பு. குசினியில மண்பானை, சட்டி, அம்மி, உரல், உலக்கை, ஆட்டுக்கல், திருவலை, உறி. மிச்சமெல்லாம் பனைதான்: கடகம், பெட்டி, சுளகு, நீத்துப்பெட்டி, பாய்.

பனையோலைச் சாமானுக்கு ஒரு நல்ல குணம் இருக்கு. அது தன்ர காலம் முடிய உக்கிப் போகும். கிழிந்த கடகம் அடுப்புக்குப் போகும், இல்லாட்டில் தோட்டத்துக்குப் போகும். வேலியும் கூரையும் புதுசாக மேயும்போது கழற்றின பழைய ஓலையைத் தோட்டத்து மண்ணுக்குள்ள தாழ்ப்பார்கள். எங்கட ஊர்ப் பேச்சில் 'குப்பை' என்றால் எறியிற கழிவு மட்டுமில்லை, பயிருக்குப் போடுகிற பசளையும் குப்பைதான். "தோட்டத்துக்குக் குப்பை போட்டாச்சோ?" என்று கேட்பது வசவில்லை, விசாரிப்பு. வீட்டிலிருந்து வெளியே போற சாமானுக்குப் போக ஒரு இடம் இருந்தது. அப்படி இருந்தபோது 'ஒதுக்கிறது' என்று ஒரு தனி வேலையோ அதற்கு ஒரு தத்துவமோ தேவைப்படவில்லை.

இதை வைத்துக்கொண்டு, எங்கட முன்னோர் எளிமையாக வாழ்ந்த ஞானிகள் என்று யாரும் முகநூலில் பதிவு போடவேண்டாம். அந்தக் குறைவில் பெரும்பகுதி தெரிவு இல்லை. ஒடுக்கப்பட்ட சாதியினர் நகை போடக்கூடாது, மேலுடம்பை மறைத்து உடுக்கக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது என்று தடை போட்டு வைத்திருந்த சமூகம் இது. காசு இருந்தாலும் சில சாமானை வைத்திருக்க முடியாது. அவர்களின் கொட்டிலில் சாமான் இல்லாததை 'எளிமை' என்று எழுதுவது வடிகட்டின பொய்.

மற்றப் பக்கத்தில், வைத்திருக்கக்கூடியவர்கள் சேர்ப்பதைச் சட்டமாகவே எழுதி வைத்திருந்தார்கள். ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல், கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமைச் சட்டத்தின் உயிர்நாடியே மூன்று சொற்கள்தான்: முதுசம், சீதனம், தேடியதேட்டம். எது தகப்பன் வழி வந்தது, எது பெண்ணோடு வந்தது, எது கலியாணத்துக்குப் பிறகு உழைத்துச் சேர்த்தது என்று ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வம்சாவழி. இண்டைக்கும் கிழவிகள் ஒரு அண்டாவைக் காட்டி "இது என்ர சீதனத்தோட வந்தது" என்று சொல்லும்போது அந்தச் சட்டத்தின் குரல்தான் கேட்கிறது. அந்த அண்டாவை எறியச் சொன்னால் அவவிட்ட இருக்கிற ஒரே சொத்துரிமைப் பத்திரத்தைக் கிழிக்கச் சொல்லுற மாதிரி. காணியும் வீடும் புருசன் சம்மதமில்லாமல் விற்கமுடியாத பெண்ணுக்கு, பாத்திரமும் நகையும்தான் கைக்கு எட்டின உடைமை.

பிறகு வீடுகள் மெல்ல நிரம்பின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இருந்து மலாயாவுக்கு உத்தியோகம் பார்க்கப் போனவர்கள் அனுப்பின காசு கல்வீடாகவும் கண்ணாடி அலுமாரியாகவும் வந்தது. சிங்கர் கொம்பனி 1877 இலேயே இலங்கையில் கடை விரித்துவிட்டது; தையல் மெசின் சீதன அட்டவணைக்குள் புகுந்தது. 1970 களில் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்த தோட்டக்காரர் கையில் காசு புரண்டது, ஆனால் வாங்க வெளிநாட்டுச் சாமான் இல்லை. 1977 இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டதோட அதுவும் வந்தது. 1979 இல் தொலைக்காட்சி. மண்குடம் போய் பிளாஸ்ரிக் குடம், கடகம் போய் பிளாஸ்ரிக் கூடை. எங்கட கணக்கில் இது பெரிய திருப்பம். உக்காத சாமான் முதல்முறையாகக் குசினிக்குள்ள வந்துவிட்டது. போக இடமில்லாத பொருள் வீட்டிலேயே தங்கத் தொடங்கியது.

ஆனால் 'கிடக்கட்டும்' அப்ப பிறக்கவில்லை. வாங்கலாம் என்ற நம்பிக்கை இருந்தவரைக்கும் பழையதைக் குடுத்துவிட்டார்கள், எறிந்தார்கள், இரும்புக்குப் போட்டார்கள். 1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியது. வடக்கில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், மண்ணெண்ணெய், பற்றரி, சீமெந்து, சவர்க்காரம், நெருப்புப்பெட்டி எல்லாம் இல்லை, அல்லது எட்டாத விலை. ஒரு வெறும் ஜாம் போத்தல் எறியிற சாமானாக இருந்த காலம் அதோட முடிந்தது. போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, கொஞ்ச மண்ணெண்ணெயில் அதை நனைத்து, மெல்லிய திரி போட்டால் விளக்கு. அந்த வெளிச்சத்தில் படித்துக் கம்பசுக்குப் போனவர்கள்தான் இண்டைக்கு எங்களுக்குப் படிப்பிக்கினம். சைக்கிள் டைனமோவைச் சுத்திப் பாட்டுக் கேட்டார்கள், செய்தி கேட்டார்கள். பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தார்கள். பத்திரிகைத் தாள் இல்லாமல் கொப்பித் தாளில் பத்திரிகை அச்சானது. பழைய ரியூப், கம்பித் துண்டு, தெறி, ரின், றப்பர் வளையம் எல்லாத்துக்கும் இரண்டாவது வாழ்க்கை வந்தது. எங்கட அம்மம்மாக்களின் அலுமாரிக்கு மேலே கிடப்பதை எடுத்துப் பாருங்கோ. அநேகமாக ஒவ்வொன்றும் அந்தத் தடைப்பட்டியலில் இருந்த ஏதோ ஒன்றுக்குப் பதிலாக நின்ற சாமானாக இருக்கும்.

அதே 1990 இல் இன்னொன்றும் நடந்தது. ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களைக் கூப்பிட்டு, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள் விடுதலைப் புலிகள். கையில் சில நூறு ரூபாயும் உடுத்த உடுப்பும். நகையைக்கூடக் கழற்றி வாங்கினார்கள். வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் அந்த மாதத்தில் துரத்தப்பட்டவர்கள் ஏறக்குறைய 75,000 பேர். விட்டுப்போன வீடுகளிலிருந்த சாமான்கள் பிறகு கை மாறின. கதவு, நிலை, ஓடு வரைக்கும் கழற்றப்பட்டன. 'சாமானின் வரலாறு' எழுத வெளிக்கிட்டால் இதைத் தாண்டிப் போகமுடியாது. எங்கட வீடுகளில் இருக்கிற ஒரு பழைய கதிரையோ, ஒரு தையல் மெசினோ, எங்கேயிருந்து வந்தது என்று தமிழர்களாகிய நாங்கள் கேட்டுப் பார்த்ததில்லை. ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து மகிழ்ச்சி தருகிறதா என்று கேட்கச் சொல்கிறார் கொண்டோ. 'இது யாருடையது?' என்ற கேள்வி அவருடைய முறையில் இல்லை.

சரியாக ஐந்து வருசம் கழித்து, 1995 ஒக்டோபர் 30. வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தது. ஒரே இரவு, மழை, செம்மணி நாவற்குழிப் பாதையில் லட்சக்கணக்கான சனம். வாகனம் இருந்தவர்கள் கொஞ்சப்பேர். மிச்சப்பேருக்கு ஒரு சைக்கிள், அதன் கரியரில் கட்டக்கூடியது, ஹான்டிலில் தொங்கவிடக்கூடியது, தலையில் தூக்கக்கூடியது. 'நூறு பொருளோடு வாழ்வது எப்படி' என்று இண்டைக்குச் சவால் விடுகிறார்கள். அந்த இரவில் நூறு என்பது ஆடம்பரம். அந்தத் தலைமுறை கொண்டுபோன சாமானை விசாரித்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது: காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பரீட்சைச் சான்றிதழ், நகை, அரிசி, ஒரு பானை, ஒரு பாய், பிள்ளையின் பால்மா. கலியாண அல்பத்தை விட்டுப்போட்டு வந்தவர்கள் இண்டைக்கும் அதைத்தான் சொல்லிக் கவலைப்படுகினம். அல்பம் பாரம். 1996 இல் திரும்பி வந்தவர்களில் பலருக்கு வீடு இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை.

வன்னியில் இது இன்னும் கொடுமையாக நடந்தது. 2008 இன் நடுப்பகுதியிலிருந்து கிழக்கு நோக்கி இடம் மாறிக்கொண்டே போன சனம், ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போட்டே போனது. முதலில் தளபாடம், பிறகு கூரைத் தகரம், பிறகு மாடு, பிறகு சைக்கிள். கடற்கரை மணலில் பங்கர் வெட்டினால் பக்கம் இடிந்து விழும், மண்மூட்டை வேணும். மூட்டைக்குச் சாக்கு இல்லை. சேலையை வெட்டி மூட்டை தைத்தார்கள். கூறைச்சேலை, பட்டுச்சேலை எல்லாம் மண் நிரப்பி அடுக்கப்பட்டது. பெட்டகத்தில் தலைமுறையாகக் காத்துவந்த பொருள் கடைசியில் ஷெல்துண்டை மறிக்கிற மூட்டையாக உதவியது. 2009 மேக்குப் பிறகு மெனிக் பாமுக்குள் அடைக்கப்பட்ட ஏறக்குறைய மூன்று லட்சம் பேரில் பெரும்பாலானவர்கள் உடுத்தின உடுப்போடுதான் உள்ளே போனார்கள். முழுமையான மினிமலிசம் என்று ஒன்று இருக்குமானால் அதைத் தரப்பாள் கொட்டிலுக்குள் பார்த்திருக்கலாம்.

இதற்குப் பிறகு என்ன நடந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். 2009 இன் கடைசியில் ஏ9 பாதை முழுசாகத் திறந்தது. லீசிங் கொம்பனிகள், தவணைக்கு ரீவி, பிறிட்ஜ், பிளாஸ்ரிக் கதிரை. வெளிநாட்டில இருந்து பெட்டி பெட்டியாகப் பழைய கோட், சப்பாத்து, யாருக்கும் அளவில்லாத ஜீன்ஸ். கனடாவில் தங்கட வீட்டை 'டிக்ளட்டர்' பண்ணினவர்களின் சாமான் எங்கட வீட்டுக்கு வந்து சேர்ந்தது. இதில் எங்களுக்குக் கொஞ்சம் கோபமும் உண்டு. யாழ்ப்பாண வெயிலில் குளிர்க் கோட்டை வைத்து என்ன செய்யிறது? ஆனால் அம்மம்மா அதையும் எறியமாட்டா.

2022 இல் அவவுக்கு ஒரு வெற்றி கிடைத்தது. காஸ் இல்லை, எரிபொருள் இல்லை, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. கொழும்பில் சனம் அடுப்புத் தேடி அலைந்த நேரம் எங்கட குசினிகளில் பழைய மண்ணடுப்பும் விறகும் வெளியில வந்தது. அரிக்கன் லாம்பும் வந்தது, மண்ணெண்ணெய்தான் கிடைக்கவில்லை. கடைசியில் சிரட்டைக்குள் தேங்காய் எண்ணெய் ஊற்றித் திரி போட்டோம். "நான் சொன்னனான்தானே" என்ற பார்வையோடு அவ இருந்த அந்த ஒரு கிழமைக்குப் பிறகு, உரப்பையைப் பற்றிக் கதைக்க எங்களுக்கு வாய் வரவில்லை.

எண்டாலும் அம்மம்மா பக்கம் முழுசாகச் சாயவும் எங்களால முடியாது. இந்தச் சாமானை எல்லாம் தூசு தட்டுகிறது யார்? இறக்கி, கழுவி, காயவைத்து, திரும்ப ஏத்துகிறது யார்? அம்மாவும் அக்காவும்தான். 'உதவும்' என்று சொல்கிற அப்பப்பாவோ மாமாவோ ஏணியில் ஏறுவதில்லை. தைப்பொங்கலுக்கு முதல் வீடு கழுவுகிற கிழமையில் வீட்டுப் பெண்களின் முதுகைப் பாருங்கோ. டெங்குக் காலத்தில் வளவுக்குள் கிடக்கிற ரயரும் சிரட்டையும் போத்தலும் ஆபத்தும்கூட. அதனால குறைக்கத்தான் வேணும். ஆனால் எதிலிருந்து தொடங்குகிறது என்பதில்தான் எங்களுக்கும் அந்தக் காணொளிகளுக்கும் ஒத்துவரவில்லை. கொண்டோவின் ஒழுங்கில் உடுப்பு, புத்தகம், கடதாசி, சில்லறைச் சாமான், கடைசியாக நினைவுப் பொருள். கடதாசியில் அவர் மிகவும் கறார்: தேவையில்லாததெல்லாம் வெளியே போகவேணும்.

அந்த இடத்தில் நில்லுங்கோ. 26 வருசப் போரில் காணியை விட்டு ஓடினவர்களின் காணியில் வேறு ஆட்கள் பத்து வருசத்துக்கு மேல் இருந்தால், ஆட்சி உரிமை கேட்கலாம் என்பது பழைய சட்டம். இடம்பெயர்ந்தவர்களுக்கு அது அநியாயம் என்றுதான் 2016 இன் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஆனால் அந்தப் பாதுகாப்பைப் பெறவும் தன் உரிமையைக் காட்டத் துண்டு வேணும். 2025 மார்ச் 28 இல் வந்த வர்த்தமானி அறிவித்தல், யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமையை நிரூபிக்கச் சொன்னது. எதிர்ப்புக்குப் பிறகு அது மீளப்பெறப்பட்டது என்பது வேறு. அந்த மூன்று மாதமும் எத்தனை வீடுகளில் சூட்கேஸ் இறக்கப்பட்டது, எத்தனை மஞ்சள் கடதாசி விரித்துப் பார்க்கப்பட்டது என்று யோசியுங்கோ. 1995 இல் சைக்கிளில் போன அதே உறுதி. பங்கீட்டு அட்டை, நிவாரண அட்டை, விதானையின் கடிதம், பழைய கரண்ட் பில் எல்லாம் ஒரு குடும்பம் ஒரு இடத்தில் இருந்தது என்பதற்குச் சாட்சி. அரசாங்கத்தின் கச்சேரியில் இருக்கவேண்டிய ஆவணத்தை அம்மம்மாவின் சூட்கேஸ் காத்திருக்கிறது.

ஊருக்கே பொதுவான அலுமாரி 1981 இல் எரிந்தது. யாழ் நூலகத்தில் ஏறக்குறைய 97,000 புத்தகமும் ஏடும். அதற்குப் பிறகு எங்கட வரலாறு வீடு வீடாகச் சிதறித்தான் கிடக்குது: கோயில் மலர், பள்ளிக்கூட ஆண்டு மலர், கலியாண அழைப்பிதழ், செத்தவீட்டுக் கல்வெட்டு. 31 ஆம் நாள் குடுக்கிற அந்தக் கல்வெட்டுப் புத்தகத்தைப் பேப்பர்க்காரனுக்குப் போடுவது ஆக லேசு. ஆனால் ஒரு ஊரின் வம்சம், சாதி, தொழில், புலம்பெயர்வு எல்லாம் அதற்குள்தான் இருக்கு. எங்கட துறையில் ஆய்வுக் கட்டுரைக்கு ஆதாரம் தேடிப் பாருங்கோ, தெரியும். 2005 இல் தொடங்கின நூலகம் திட்டம் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிற மலர்களிலும் கல்வெட்டுகளிலும் கனக்க யாரோ ஒரு வீட்டின் பரணில் கிடந்தவைதான்.

உடுப்பும் அப்படித்தான். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாக்கள் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 இல் போராட இருந்தபோது கையில் இருந்தது ஒரு படம். வீட்டில் மடிச்சு வைச்ச ஒரு சேட்டும் இருந்திருக்கும். இந்த அலுமாரியைத் திறந்து 'இரண்டு வருசமாகப் போடாத உடுப்பைக் குடுத்துவிடுங்கோ' என்று எந்தப் புத்தகமும் சொல்லட்டும் பார்ப்பம். 2025 ஓகஸ்ட் 5 இல், செம்மணி சித்துப்பாத்தி மயான அகழ்வில் எலும்புகளோடு எடுத்த பொருட்களை, யாராவது அடையாளம் காட்டக்கூடுமா என்று நீதிமன்ற அனுமதியோடு மக்களுக்குக் காட்டினார்கள். உடுப்பு, பாடசாலைப் பை, பொம்மை, பால்போத்தல். சனம் வரிசையில் நின்று பார்த்தது. அதில் ஒரு துண்டை அடையாளம் காண்கிறதுக்கு, அதே துணியில் தைச்ச இன்னொரு சட்டையோ, அந்தச் சட்டையோட எடுத்த ஒரு படமோ எங்கேயாவது ஒரு வீட்டில் எறியாமல் கிடந்திருக்கவேணும்.

எங்கட நண்பர் வட்டத்தில் இப்ப வீடு ஒதுக்குகிற ஆட்கள் கூடிக்கொண்டு வருகினம். பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில, அம்மம்மா செத்திட்டா, வீட்டை விற்கவேணும், இரண்டு கிழமை லீவில் வந்து எல்லாத்தையும் முடிக்கவேணும். பழைய இரும்புக்காரனுக்கும் பேப்பர்க்காரனுக்கும் போன் பண்ணி ஒரே நாளில் லொறியில் ஏத்திவிடுகினம். அப்படிச் செய்யவேண்டி வந்தால் ஷொப்பிங் பையையும் குளிர்க் கோட்டையும் ரயரையும் கண்ணை மூடிக்கொண்டு ஏத்துங்கோ. ஹோர்லிக்ஸ் போத்தலில் இரண்டை மட்டும் வையுங்கோ, அடுத்த கரண்ட் வெட்டுக்கு. கயிறு கட்டின சூட்கேஸைக் கடைசியாக, பகல் வெளிச்சத்தில், வீட்டில் வயசுபோன ஆள் யாராவது இருந்தால் அவரைப் பக்கத்தில் கதிரை போட்டு இருத்திப்போட்டுத் திறவுங்கோ. ஒவ்வொரு துண்டாக எடுத்துக் காட்டிக் கேளுங்கோ, போனில் பதிவு செய்யுங்கோ. படங்களின் பின்பக்கத்தில் பென்சிலால் பெயரும் வருசமும் ஊரும் எழுதி வையுங்கோ. பேனை வேண்டாம், மை மற்றப் பக்கத்துக்கு ஊறும்.